அரக்குக் கலர் பொட்டு

ஆண்டிமடம்
20.1.2025

மாமாவுக்கு,

உங்க மக வெற்றிச்செல்வி நல்லா இருக்கா. சளி விட்டுருச்சு. முதல்ல அதைச் சொல்லிடறேன், இல்லன்னா கடிதத்தைப் பார்த்ததும் குழந்தைக்கு என்னமோன்னு பயந்துடுவீங்க.

ஃபோன் பண்ணாம ஏன் எழுதறேன்னு கேப்பீங்க. ஃபோன்ல நீங்க "ஏம்மா டென்ஷன் ஆவுற"ன்னு ஒரு வார்த்தை சொன்னா அழுதுடுவேன். அழுதா கேக்க வந்தது மறந்து போயிடும். பாதியில அத்தை ஃபோனை வாங்கி, பால் நல்லா வருதான்னு ஆரம்பிச்சுடுவாங்க. இந்தத் தடவை எனக்குப் பதில் வேணும். பாலாஜி அண்ணன் காலையில அரியலூருக்கு வேலைக்குப் போறப்ப, பெரம்பலூர் பஸ்ல கண்டக்டர்கிட்ட இதைக் குடுத்து விடும். நீங்களும் அப்படியே குடுத்து விடுங்க.

கூட ஒரு அட்டைப்பெட்டி வரும். உள்ள இருக்கிறது நம்ம பட்டறை சார்ஜர்தான். முந்திரி பூ எடுக்குற சமயம், மருந்து அடிக்கணும்னு அண்ணன் பொங்கலுக்கு ஒரு பேட்டரி ஸ்ப்ரேயர் வாங்குச்சு. ஜெயங்கொண்டத்துக் கடையில சார்ஜர் மூடி மேல நம்ம பேரைப் பார்த்துட்டு, "இது எந்தங்கச்சி போட்ட டிசைன்"னு கடைக்காரர்கிட்ட பெருமை அடிச்சு வாங்கியாந்துச்சு.

இந்த வீட்டுல ஒழுங்கா வேலை செய்யற பிளக் ஒண்ணுதான். அது தூளிக்குப் பக்கத்துல இருக்கு. சனிக்கிழமை மத்தியானம் அண்ணன் அதுல மாட்டிட்டு வெளியே போயிருச்சு. நான் துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன். அழுகின முட்டை வாடை அடிச்சுது. குழந்தைதான் ஆய் போயிட்டாளோன்னு போய்ப் பார்த்தா அவ சுத்தமா தூங்கறா. வாடை கீழேருந்து வருது. பேட்டரியைத் தொட முடியலை, அவ்வளவு சூடு. ரெண்டு பக்கமும் பொம்முன்னு வீங்கி நிக்குது. பிளக்கைப் பிடுங்கினேன். எதுக்கு முதல்ல பிளக்கைப் பிடுங்கினேன், குழந்தையைத் தூக்காமன்னு இன்னும் என்னையே கேட்டுக்கிட்டு இருக்கேன்.

அப்புறம் மூடியைத் திறந்தேன்.

நம்ம பட்டறைப் பையன் நல்லதம்பிக்கு நான் சொல்லிக் குடுத்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். நீங்களும் பக்கத்துல உக்காந்து கேட்டீங்க. இதுல இருக்கிற சுவிட்ச் நொடிக்கு அறுபதாயிரம் தடவை திறந்து மூடுது. எவ்வளவு நேரம் திறந்திருக்கணும்னு அதுக்கே தெரியாது. ரெண்டு பேர் சொல்லணும். ஒருத்தர் வோல்டேஜ் பார்த்து, பதினாலரை வந்துருச்சு நிறுத்துன்னு சொல்றவர். இன்னொருத்தர் கரண்ட் பார்த்து, ஒன்றரை ஆம்பியர் ஆச்சு, இதுக்கு மேல தள்ளாதேன்னு சொல்றவர். பட்டினியா வர்ற பேட்டரி எவ்வளவு குடுத்தாலும் இழுக்கும். அந்த நேரத்துல வோல்டேஜ் பார்க்கிறவர், இன்னும் வரலை, இன்னும் தள்ளுன்னுதான் சொல்லுவார். கரண்ட் பார்க்கிறவர் இருந்தாதான் அது அடங்கும்.

நீங்களே பாருங்க. கரண்ட் பார்க்கிற ரெசிஸ்டர் மேல குறுக்கால ஒரு கம்பித்துண்டு வெச்சு ஈயம் பூசியிருக்கு. கரண்ட் எல்லாம் கம்பி வழியா போயிடுது. ரெசிஸ்டர் கண்ணுக்கு ஒண்ணுமே தெரியாது.

இன்னொண்ணு. பக்கத்துல, கரண்ட் அளவைக் கூட்டிக் குறைக்கிற ப்ரீசெட் ஸ்க்ரூ மேல அரக்குக் கலர் பொட்டு இருக்கு. என் நெயில் பாலிஷ். முழு லோடு போட்டுப் பார்த்து, சரியா நின்னா, இனி யாரும் இந்த ஸ்க்ரூவைத் திருகக் கூடாதுன்னு நான் வைக்கிற பொட்டு. இந்த போர்டு நம்பர் நாற்பத்தேழு. ஆனி மாசம் வளைகாப்பு முடிஞ்சு நான் இங்க வர்றப்ப கடைசியா பொட்டு வெச்சது நம்பர் இருபது.

மூணே கேள்வி. கம்பி வெச்சது யாரு? பொட்டு வெச்சது யாரு? இந்த மாதிரி எத்தனை வெளிய போயிருக்கு?

இலக்கியா

---

பெரம்பலூர்
23.1.2025

இலக்கியாவுக்கு,

பெட்டி வந்துச்சு. பார்த்தேன். எனக்கும் ஒரு மாதிரி ஆயிருச்சு. சாமி புண்ணியத்துல புள்ளைக்கு ஒண்ணும் ஆவலை. தூளியை வேற பக்கம் மாத்திக் கட்டச் சொல்லு.

நீ கேட்டதுக்குச் சொல்றேன். கடையில உக்காந்திருக்கிறவனுங்க சும்மா இருக்க மாட்டானுங்க. சீக்கிரம் ஏறலைன்னு எவனாச்சும் கேட்டா, திறந்து என்னத்தையாவது நோண்டி விட்டுடுவானுங்க. ஜெயங்கொண்டத்துக் கடையில ஒரு மெக்கானிக் இருக்கான், அவன் வேலையா இருக்கும். பொட்டு விஷயம், நல்லதம்பி பார்த்துப் பார்த்து உன்னை மாதிரியே செஞ்சிருப்பான். நீ இல்லாத நேரத்துல அவன்தான் டெஸ்டிங் பார்த்தான். கேட்டா முழிக்கிறான்.

நீ இப்ப எதையும் திறந்து பாத்துக்கிட்டு இருக்காதே. ஈயப் புகை பட்டா பாலுக்கு ஆவாதுன்னு அம்மா சொல்லுது. மாசி பதினெட்டு ஞாயித்துக்கிழமை உங்களை அழைச்சுக்கிட்டு வர நாள் குறிச்சாச்சு. நம்ம ரூமுக்கு வெள்ளை அடிச்சிருக்கேன். கரண்ட் போனாலும் புள்ளைக்கு வேர்க்காம இருக்க பேட்டரி ஃபேன் ஒண்ணு மாட்டியிருக்கேன். வந்து பாரு. அப்புறம் பட்டறையைப் பத்திப் பேசிக்கலாம். ஒரேயடியா என்னைக் கூண்டுல நிக்க வெச்சு கேள்வி கேக்கறியே, மகாராணி.

வெற்றிக்கு என் முத்தம்.

பிரேம்குமார்

---

ஆண்டிமடம்
27.1.2025

மாமாவுக்கு,

மெக்கானிக்னு எழுதினீங்க. சரின்னு அண்ணனை வேற ஒரு இடத்துல கேக்கச் சொன்னேன். திருமழபாடியில அண்ணனோட வேலை பார்க்கிறவர் வீட்டுல நம்ம சார்ஜர் ஒண்ணு இருந்துச்சு. கடையில வாங்கலை. பெரம்பலூருக்கு வந்து பட்டறையில உங்க கையால வாங்கினது. அதைக் கேட்டு வாங்கியாந்துச்சு.

நம்பர் எட்டு. பொட்டு என்னோடது, நானே வெச்சது. அதுலயும் கம்பி.

மூடியோட உள்பக்கம் தேதி போட்டிருக்கு. எந்த போர்டைத் திறந்தாலும் மூடிக்குள்ள மார்க்கர்ல தேதி எழுதாம உங்களுக்கு மூட வராது. மின்வாரியத்துல ஒப்பந்த வேலை பார்த்த காலத்துப் பழக்கம்னு சொல்லுவீங்க. நான்கூட கேலி பண்ணுவேன். 19/7ன்னு இருக்கு. உங்க ஏழு, நடுவுல கோடு போட்ட ஏழு.

நல்லதம்பி முழிக்கிறான்னு எழுதினீங்க. முழிக்காம என்ன செய்வான்? அந்த நெயில் பாலிஷ் பாட்டில் வளைகாப்பு வளையலோட நம்ம பீரோவுக்குள்ள இருந்துச்சு. பீரோ சாவி உங்க இடுப்புல. செய்யாத வேலைக்குச் சின்னப் பையன் பேரைச் சொல்ல எப்படி மனசு வந்துச்சு?

என்னை ஏமாத்தினதுகூட இருக்கட்டும். அந்தப் பொட்டைப் பார்த்து ஒருத்தர் வாங்குறாங்க. எங்கண்ணன் வாங்குச்சு. "எந்தங்கச்சி"ன்னு சொல்லி வாங்குச்சு. அதைத் தன் மருமக தலைமாட்டுல மாட்டுச்சு. ரெண்டு நாளா அண்ணன் என் முகத்தைப் பார்க்க மாட்டேங்குது, தான்தான் ஏதோ தப்பா மாட்டிட்டோம்னு நினைக்குது.

ஃபோன் பண்ணாதீங்க. நேத்து பதினொரு தடவை அடிச்சீங்க. எழுதுங்க.

இலக்கியா

---

பெரம்பலூர்
31.1.2025

இலக்கியா,

நான்தான். கம்பியும் நான்தான், பொட்டும் நான்தான். அறுபத்திரண்டு போயிருக்கு. அறுபத்திரண்டுலயும் கம்பி இருக்கு.

இப்ப நான் சொல்றதையும் முழுசாப் படி. பாதியில கிழிச்சுப் போட்டுடாதே.

உன் வளைகாப்பு அன்னைக்கு, நீ மணையில உக்காந்து வளையல் போட்டுக்கிட்டு இருக்கறப்ப, ரஞ்சன்குடி ராசாங்கம் அண்ணன் வாசல்ல வந்து நின்னாரு, கையில சார்ஜரோட. விருந்துக்கு வந்திருக்காருன்னு நீ நினைச்சே, சிரிச்சே. அவரு என்னைத் தனியா கூப்புட்டு, "தம்பி, ராத்திரி பூரா மாட்டினாலும் காலையில பாதிதான் ஏறுது. வெங்காயத்துக்கு மருந்தடிக்கப் போனா நடு வயல்ல படுத்துக்குது. உம்பொண்டாட்டி படிச்ச படிப்பு இவ்வளவுதானான்னு நல்லா கேக்குறா எம்பொண்டாட்டி"ன்னாரு. சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னாரு. அடுத்த வாரத்துல இன்னும் ஏழு பேரு.

எடுத்துப் பார்த்தா ஒரு ஆம்பியர்லயே நின்னு போவுது. ஒன்றரை வரைக்கும் போவ மாட்டேங்குது. ப்ரீசெட்டைத் திருகினாலும் சரியா நிக்கலை. டிசைன்லதான் எங்கயோ தப்பு.

நீ டெஸ்ட் பண்ணப்ப ஏன் தெரியலைன்னு கேப்பே. டெஸ்ட் பலகையில முழு லோடுக்கு ரெண்டு பைக் இண்டிகேட்டர் பல்பு போடணும். நீ ஒண்ணுதான் போட்டே. ரெண்டாவது எரிஞ்சா சூட்டுல பலகை பெயின்ட் வாடை வருது, குமட்டுதுன்னு அதைக் கழட்டி வெச்சே. நான் பார்த்தேன். வாந்தி எடுத்து எடுத்து நீ துவண்டு கெடந்த. எப்படிச் சொல்றது?

அப்பதான் டாக்டரம்மா பிரஷர் ஏறுது, எதையும் போட்டுக் குழப்பிக்கக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. அம்மா, "அவகிட்ட மூச்சு விட்டே, கொன்னுடுவேன்"னுச்சு. அக்கா அதையே சொல்லுச்சு. புள்ளை பொறக்கட்டும்னு இருந்தேன். பொறந்துச்சு. பச்சை உடம்புன்னாங்க. அப்படியே நாள் ஓடிருச்சு.

நானும் தலையைப் பிச்சுக்கிட்டுப் பார்த்தேன். எங்க தப்புன்னே எனக்குப் பிடிபடலை. நான் ஐடிஐ, நீ பி.இ. கம்பியை வெச்சுப் பார்த்தா ஏறிச்சு. எல்லாரும் சந்தோஷமா எடுத்துக்கிட்டுப் போனாங்க. வோல்டேஜ் பார்க்கிற ஃபீட்பேக்தான் இருக்கே, பதினாலரையில நின்னுடுமே, ஒண்ணும் ஆவாதுன்னு நினைச்சேன். வேற வழி தெரியலை.

இன்னொண்ணும் சொல்லிடறேன், மனசுல வெச்சுக்கிட்டு இருக்கேன். நான் ஒரு டையோடைத் திருப்பி வெச்சதுக்கு நீ நல்லதம்பி முன்னாடி சிவப்பு மார்க்கர்ல வட்டம் போட்டு, அதைச் சுவத்துல மாட்டினே. ஒரு மாசம் தொங்குச்சு. என் தப்பை நீ சொல்லுவே, நான் கேட்டுக்குவேன். உன் தப்பை உன்கிட்ட யாரு சொல்றது? பயமா இருந்துச்சு இலக்கியா. உன் உடம்புக்கும் பயந்தேன், உனக்கும் பயந்தேன்.

திட்டு. ஆனா மாசி பதினெட்டாம் தேதி வந்துடு.

பிரேம்

---

ஆண்டிமடம்
9.2.2025

பிரேம்குமார் அவர்களுக்கு,

பதில் எழுத ஒன்பது நாள் ஆயிருச்சு. வெற்றிக்குத் தடுப்பூசி போட்டதுல ரெண்டு நாள் காய்ச்சல். மீதி ஏழு நாள் எனக்குக் காய்ச்சல் மாதிரிதான்.

டையோடு விஷயத்துல நீங்க சொன்னது சரி. அதை நான் மாட்டியிருக்கக் கூடாது. அதுக்கு மன்னிச்சுடுங்க.

பல்பு விஷயமும் சரி. ஒரு பல்புக்கு ஒரு ஆம்பியர்கூட வேண்டாம். அதுல வெச்சுப் பார்த்தா எல்லா போர்டும் பாஸ் ஆகும். இருபது பொட்டையும் ஒரு பல்பு பார்த்துத்தான் வெச்சேன். அதுக்கு முந்தி செஞ்ச வேற எந்த போர்டுலயும் நான் அப்படி வெச்சதே இல்ல. இன்னொரு நாள் ரெண்டு போட்டுப் பார்த்துடலாம்னு நினைச்சேன், அந்த இன்னொரு நாள் வரலை. என் பொட்டே பொய்ப் பொட்டுதான். ஒத்துக்கறேன்.

அண்ணனை ஒரு பலகையில ரெண்டு பல்பு மாட்டித் தரச் சொன்னேன். நம்பர் எட்டுல உங்க கம்பியை எடுத்துட்டு முழு லோடுல ஓட்டினேன். ஒரு ஆம்பியர்ல நின்னுச்சு, நீங்க சொன்ன மாதிரியே. அம்மா குழந்தையை வெச்சுக்கிட்டு, "பால் குடுக்கிற பொண்ணு செய்யற வேலையாடி இது"ன்னு புலம்பிக்கிட்டே இருந்தாங்க. ரெண்டாம் நாள் தப்பைக் கண்டுபிடிச்சுட்டேன்.

ரெசிஸ்டர் காலுக்கும் அளக்கிற சிப்புக்கும் நடுவுல நான் போட்ட பாதை, பேட்டரிக்குப் போற பெரிய கரண்ட் போற அதே செம்புப் பாதை. அந்தச் செம்புலயும் கொஞ்சம் வோல்ட் விழும். சிப்பு அதையும் சேர்த்துப் படிச்சுட்டு, ஒன்றரை வந்துருச்சுன்னு நினைச்சு ஒண்ணுலயே நிறுத்திடுது. ரெண்டாம் வருஷப் பாடம் இது. பரீட்சையில எழுதி மார்க் வாங்கியிருக்கேன்.

சரி பண்றது எப்படின்னா, பிளேடால அந்தப் பாதையை ஒரு இடத்துல வெட்டி, ரெசிஸ்டர் கால்லேருந்தே தனியா மெல்லிசு ஒயர் ஒண்ணை சிப்புக்கு இழுத்தா போதும். டெஸ்டிங்கோட சேர்த்து ஒரு போர்டுக்கு அரை மணி நேரம்.

அரை மணி நேரம். ஆனியிலயே என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, மணையில உக்காந்த மாதிரியே சொல்லிக் குடுத்திருப்பேன். பிரஷர் ஏறியிருக்கும், ஒரு நாள் அழுதிருப்பேன், அப்புறம் சரியாப் போயிருக்கும். தப்பு செஞ்சவளுக்கு அந்தத் தப்பைத் தெரிஞ்சுக்கிற பாத்தியதைகூடவா இல்லாம போச்சு?

வளைகாப்பு ஃபோட்டோவை எடுத்துப் பார்த்தேன். அத்தை என் கன்னத்துல சந்தனம் தடவுறாங்க. உங்க அக்கா சிரிக்கிறாங்க. நீங்க பின்னாடி நிக்கிறீங்க. எல்லாருக்கும் தெரியும். ரெண்டு கை நிறைய வளையலோட நான் மட்டும் பைத்தியக்காரி மாதிரி பல்லைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். என்னைப் பத்திரமா வெச்சுக்கிறோம்னு நினைச்சீங்க. அந்த ரெசிஸ்டர் மேல கம்பி வெச்ச மாதிரிதான் என் மேலயும் வெச்சீங்க. எது போனாலும் எனக்குத் தெரியக் கூடாது.

இப்ப நீங்க செய்ய வேண்டியது ஒண்ணுதான். அறுபத்திரண்டையும் திரும்ப வாங்குங்க. ரிப்பேர்னு பொய் சொல்லி வாங்காதீங்க. டிசைன்ல தப்பு, அது எம்பொண்டாட்டி செஞ்சது, அதை மறைச்சு ஆபத்தா மாத்தினது நான்னு ஒவ்வொரு வீட்டு வாசல்லயும் உங்க வாயால சொல்லி வாங்குங்க. எல்லாத்தையும் இங்க அனுப்புங்க. நான் சரி பண்ணித் தரேன்.

அது முடியட்டும். மாசி பதினெட்டாம் தேதியைப் பத்தி அப்புறம் சொல்றேன்.

இலக்கியா

---

பெரம்பலூர்
20.2.2025

இலக்கியாவுக்கு,

நீ எழுதினப்பதான் தப்பு எங்கன்னே புரிஞ்சுது. பெரிய மூளைதான் உனக்கு.

பத்து நாளா பட்டறையைப் பூட்டிட்டு வண்டியில சுத்தறேன். சொல்லித்தான் வாங்குறேன், நீ சொன்ன மாதிரியே. மொத வீட்டுல நாக்கு ஒட்டிக்கிச்சு. நாலாவது வீட்டுலேருந்து பழகிருச்சு. சில பேரு கண்டபடி ஏசினாங்க. பாப்பாத்தி அக்கா குடுக்கவே மாட்டேன்னுட்டாங்க. "நல்லாத்தானே ஏறுது, உம்பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டா நான் ஏண்டா சார்ஜரைக் குடுக்கணும்"ங்கிறாங்க. மூணு தடவை நடந்து, அவங்க வூட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டி, வாங்கியாந்தேன். சிரிப்பு வந்தா சிரி.

ராசாங்கம் அண்ணன் விஷயத்தைச் சொல்லாம விட்டா தூக்கம் வராது. கார்த்திகையில அவரு பேட்டரி வெடிச்சு, ஆசிட்டு வலது கால் பாதத்துல கொட்டிருச்சு. ரெண்டு வாரம் ஆஸ்பத்திரி. இப்பவும் செருப்பு மாட்ட முடியலை. அப்ப அவரே பட்டறைக்கு ஆள் விட்டு, "நான்தான் தம்பி கவனிக்காம மாட்டிட்டுத் தூங்கிட்டேன், சார்ஜருக்கு ஒண்ணும் ஆவலை"ன்னு சொல்லி அனுப்பினாரு. நானும் சரிண்ணேன்னுட்டேன். இந்தத் தடவை போய் உண்மையைச் சொன்னேன். கேட்டுக்கிட்டாரு. அப்புறம் அவரு பொண்டாட்டிகிட்ட, "தம்பிக்கு மோர் குடு"ன்னாரு. அந்த மோரைக் குடிக்க முடியலை.

அறுபத்தொண்ணு பெட்டியில வருது, நம்பர் எட்டு உன்கிட்ட இருக்கு. கணக்கு சரியாப் போச்சு. மூணு பெட்டியா கட்டி நல்லதம்பி காலையில பஸ்ல ஏத்திட்டு வந்தான். ஏத்தின பிறகு அம்மா சொல்லுது, நம்ம ரூம் ஃபேன் பேட்டரிக்கு மாட்டியிருந்த சார்ஜரையும் கழட்டிப் பெட்டியில போட்டுட்டேன்னு. மருமக எல்லாத்தையும் கேட்டாளாமேன்னு. அது நாம மொத மொத செஞ்ச நம்பர் ஒண்ணு போர்டு, விக்கறதுக்கு இல்லை. அதை நீ திறக்க வேண்டியதில்லை. அப்படியே திருப்பி அனுப்பிடு.

நீ சொன்னதெல்லாம் செஞ்சுட்டேன். இனி மறைக்கிறதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. மாசி பதினெட்டாம் தேதிக்கு வண்டி சொல்லிடட்டுமா? வெற்றி குப்புற விழுந்துட்டாளாமே, உங்கம்மா சொன்னாங்க. எனக்கு யாரும் ஃபோட்டோகூட அனுப்பலை.

பிரேம்

---

ஆண்டிமடம்
27.2.2025

பிரேம்குமார் அவர்களுக்கு,

வெற்றி குப்புற விழுற வீடியோவை அண்ணன் ஃபோன்லேருந்து அனுப்பச் சொல்லியிருக்கேன். பாருங்க. அவளுக்கு நீங்க அப்பா, அதுல நான் குறுக்க நிக்க மாட்டேன்.

அறுபத்திரண்டும் முடிஞ்சுது. ஏழு நாள். அண்ணன் கம்பியை எடுத்துச்சு, நான் பாதையை வெட்டி ஒயர் இழுத்தேன். ஒவ்வொண்ணையும் ரெண்டு பல்பு போட்டுப் பார்த்தேன். பெயின்ட் வாடை இங்கயும் அடிச்சுது. ஜன்னலைத் திறந்து வெச்சா அவ்வளவுதான் அது. ஆண்டிமடத்துக் கடையில அரக்குக் கலர் கிடைக்கலை, பச்சைதான் இருந்துச்சு. நல்லதுன்னு வாங்கினேன். பழைய பொட்டைச் சுரண்டிட்டுப் பச்சைப் பொட்டு வெச்சேன். இனி அரக்குப் பொட்டு எங்க இருந்தாலும் அது என்னோடது இல்ல.

நேத்து சாயங்காலம் நம்பர் ஒண்ணு மட்டும் மிச்சம் இருந்துச்சு.

திறக்காதேன்னு எழுதியிருந்தீங்க. ஒரு மணி நேரம் அதைப் பார்த்துக்கிட்டே உக்காந்திருந்தேன். அதுலயும் கம்பி இருக்கும், குழந்தை ரூம்ல அதை வெச்சிருந்தேன்னு வெக்கப்பட்டு எழுதியிருப்பீங்கன்னுதான் நினைச்சேன். அப்படியே இருந்திருக்கக் கூடாதா.

கம்பி இல்ல. செம்புப் பாதையைப் பிளேடால வெட்டியிருக்கு. ரெசிஸ்டர் கால்லேருந்து மெல்லிசா ஒரு மஞ்ச ஒயர் சிப்புக்குப் போகுது. நான் இப்ப அறுபத்திரண்டுலயும் என்ன செஞ்சேனோ அதேதான், என்னைவிடச் சுத்தமா. மூடிக்குள்ள தேதி 12/8.

ஆகஸ்ட் பன்னிரண்டு. வெற்றி பொறக்க இன்னும் ஒன்றரை மாசம் இருந்துச்சு.

எங்க தப்புன்னே பிடிபடலைன்னு எழுதினீங்க. வேற வழி தெரியலைன்னு எழுதினீங்க. போன கடிதத்துலகூட, நீ சொன்னப்பதான் புரிஞ்சுதுன்னு எழுதினீங்க. என் மூளையை வேற புகழ்ந்தீங்க. மத்த மூடியெல்லாம் எடுத்து வரிசையா வெச்சுத் தேதி பார்த்தேன். ஆகஸ்ட் பன்னிரண்டுக்கு அப்புறம் கம்பி வெச்சது நாற்பத்தொண்ணு. ராசாங்கம் அண்ணனோடது அதுல ஒண்ணு. வளைகாப்பு அன்னைக்கு அவர் கொண்டு வந்ததைத்தான் திருப்பிக் குடுத்தீங்க, 20/8 போட்டு. எட்டு நாளா உங்களுக்கு வைத்தியம் தெரியும். அரை மணி நேரம் அவருக்கு இல்லாம போச்சு.

எனக்குச் சொல்லாம இருந்ததுக்கு என் உடம்பு காரணம், என் வாய் காரணம். அதையெல்லாம் நானே நம்ப ஆரம்பிச்சிருந்தேன். போன வாரம் அந்த மோர் விஷயத்தைப் படிச்சப்ப அழுதேன், உங்களுக்காக. பதினெட்டாம் தேதிக்குப் புடவைகூட எடுத்து வெச்சேன். இந்த மஞ்ச ஒயருக்கு மட்டும் என்ன காரணம் சொல்லுவீங்கன்னு பார்க்கிறேன். எங்களுக்காகத்தான் செஞ்சேன்னு சொல்லுவீங்க. அது உண்மையாவும் இருக்கும். அதுதான் எனக்குத் தாங்கலை. நம்ம குழந்தை தூங்குற ரூமுக்கு எது சரின்னு தெரிஞ்சிருந்துச்சு. எங்கண்ணன் மருமக தூங்குற ரூமும் அதே குழந்தையோடதுதான். அது உங்களுக்குத் தெரியாம போச்சு, ஏன்னா அந்தச் சார்ஜர் வேற எவன் வீட்டுக்கோ போகுதுன்னு நினைச்சு மூடினீங்க.

பதினெட்டாம் தேதி வண்டி சொல்லாதீங்க. அத்தைகிட்ட நானே ஃபோன் பண்ணிச் சொல்லிடறேன். வெற்றியைப் பார்க்கணும்னா எப்ப வேணா வாங்க, அம்மா சாப்பாடு போடுவாங்க. அழைச்சுக்கிட்டுப் போக வராதீங்க.

அறுபத்திரண்டையும் அண்ணனும் நானும் வண்டி வெச்சு நாங்களே கொண்டு போய்க் குடுக்கிறோம். முதல்ல ரஞ்சன்குடி. ஒரு பல்பு கதையை ராசாங்கம் அண்ணன்கிட்ட நான்தான் சொல்லணும். அவர் வீட்டம்மாகிட்டயும். என் படிப்பைப் பத்தி அவங்க கேட்ட கேள்விக்கு எட்டு மாசமா பதில் போகலை.

நம்பர் ஒண்ணைத் திருப்பி அனுப்பியிருக்கேன். ரெண்டு பல்பும் போட்டு மூணு மணி நேரம் ஓட்டினேன். ஒன்றரையில ஆடாம நிக்குது. வோல்டேஜும் சரி. பட்டறையில நாம செஞ்சதுலயே நல்ல போர்டு அதுதான். பயப்படாம மாட்டிக்கோங்க.

அதுல மட்டும் பொட்டு வைக்கலை.

இலக்கியா